அபராதத்துக்கு எல்லை இல்லை, விதிக்கு மட்டும் எல்லை: ஐரோப்பியச் சாலைகளும் காரின் தரவும்

கேள்வி இதுதான்: ஐரோப்பா முழுக்க ஒரே சாலை விதி வந்தால் கார் ஓட்டுபவர்களுக்கு நல்லதா, அப்புறம் புதிய கார்கள் சத்தமில்லாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் தரவில் நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பெரும்பாலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்பார்கள். சேர்த்துக் கேட்டதே சரி, ஏனென்றால் இன்று சாலையோரப் பலகையைப் படிப்பதும் கார்தான், நம்மைப் பற்றிக் குறிப்பெடுப்பதும் அதே கார்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதிகளை ஒன்றாக்கும் வேலை ஐரோப்பாவில் நன்றாகவே நடக்கிறது, ஆனால் அபராதம் வசூலிக்கிற அரசுகளுக்கும் கார் விற்கிற கம்பெனிகளுக்கும் எங்கே வசதியோ அங்கே முதலில் நடக்கிறது. ஓட்டுபவருக்கு வசதியான விஷயங்கள் வரிசையின் கடைசியில் நிற்கின்றன.

எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க ஒரு சம்பவம். 2021 அக்டோபரில் நார்வேயில் வசிக்கும் ஒருவர் ஜெர்மனியில் ஒரு லம்போர்கினி வாங்கி, டென்மார்க் வழியாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். டேனிஷ் நெடுஞ்சாலையில், 130 போக வேண்டிய இடத்தில் 236 கிலோமீட்டர் வேகம். அந்த வருடம்தான் அங்கே புதிய சட்டம் அமலுக்கு வந்திருந்தது: 200-ஐத் தாண்டினால் வண்டியே பறிமுதல், அது வாடகை வண்டியா, லீசிங்கா, அடுத்தவருடையதா என்பதெல்லாம் பொருட்டில்லை. ஏறக்குறைய 20 லட்சம் குரோனர் கொடுத்து வாங்கிய கார், வீடு போய்ச் சேரும் முன்பே போலீஸ் கைக்குப் போய்விட்டது. இதே வேகத்தில் எல்லைக்குத் தெற்கே, ஜெர்மன் நெடுஞ்சாலையான ஆட்டோபானில் வரம்பில்லாத பகுதியில் போயிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்காக நான் பரிதாபப்படவில்லை, 236-ல் போகிறவர் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டம் இப்படித் தலைகீழாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஒன்றுமே ஒன்றாகவில்லை என்று சொல்ல முடியாது. 1968-ல் வியன்னாவில் போட்ட இரண்டு ஒப்பந்தங்கள், ஒன்று போக்குவரத்து பற்றி, இன்னொன்று சாலைக் குறியீடுகள் பற்றி, இன்றும் அடித்தளமாக இருக்கின்றன. சிவப்பு வளையத்துக்குள் எண் இருந்தால் அதுதான் வேக வரம்பு, எண்கோணச் சிவப்புப் பலகை என்றால் நிற்க வேண்டும். இதையெல்லாம் லிஸ்பனிலும் வார்சாவிலும் யாரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பலகையின் வடிவம் ஒன்று, உள்ளே இருக்கும் எண் மட்டும் வேறு. பிரெஞ்சு நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் 120. போலந்தில் 140. நெதர்லாந்தில் 2020 மார்ச் முதல் பகலில் பெரும்பாலான இடங்களில் 100, அதுவும் விபத்துக்காகக் கொண்டுவந்ததில்லை, நைட்ரஜன் மாசுக்காக. ஜெர்மனியில் பலகை இல்லாத இடத்தில் 130 என்பது வெறும் பரிந்துரை.

மதுவுக்கும் இதே கதை. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பது பெரும்பாலான நாடுகளின் அளவு. போலந்திலும் ஸ்வீடனிலும் 0.2, செக், ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ருமேனியாவில் பூஜ்யம். இங்கிலாந்தில் 0.8, அதே தீவில் ஸ்காட்லாந்துக்குள் நுழைந்தால் 0.5. வியன்னாவில் ஒரு கிளாஸ் பீர் குடித்துவிட்டு சட்டப்படி ஓட்டும் ஒருவர், ஒரு மணி நேரத்துக்குள் பிராட்டிஸ்லாவாவில் குற்றவாளி ஆகிவிடுவார்.

இதை எல்லாம் ஒரே எண்ணாக்க வேண்டுமா? நான் வேண்டாம் என்பேன். பல மோட்டார் சங்கங்களும் இதற்காகப் பெரிதாக மல்லுக்கட்டுவதில்லை. காரணம் எளிது: 27 நாடுகள் உட்கார்ந்து ஒரே வேக வரம்பு பேசினால் ஜெர்மனி ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொண்டாலும் மற்றவர்கள் 130-ஆ 120-ஆ என்று பத்து வருடம் இழுப்பார்கள். ஜெர்மனிக்குள்ளேயே கதை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள் உள்ள ஜெர்மன் மோட்டார் சங்கமான ஏடிஏசி பல பத்தாண்டுகளாக ஆட்டோபான் வரம்பை எதிர்த்துவந்தது. 2020 ஜனவரியில், உறுப்பினர்கள் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கிறார்கள், இனி கொள்கை அளவில் எதிர்க்க மாட்டோம் என்று இறங்கிவந்தது. ஆக, எண் அந்தந்த நாட்டின் அரசியல். அதை அப்படியே விடலாம்.

உண்மையில் கழுத்தறுப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். பாரிஸ் பக்கத்திலிருந்து ஜெர்மனியில் ஹாம் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு வருடாவருடம் காரில் வரும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் டோல் கட்ட வேண்டும், பெல்ஜியத்தில் காருக்கு டோல் இல்லை, ஜெர்மனியிலும் இல்லை. பாரிஸில் மாசு வகைக்கேற்ற வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வழியில் பிரஸ்ஸல்ஸில் சாப்பிட இறங்கினால் அங்கே ஸ்டிக்கர் செல்லாது, கேமரா எண் பலகையைப் படிக்கும், வெளிநாட்டு வண்டி என்றால் முன்கூட்டியே இணையத்தில் பதிந்திருக்க வேண்டும். கொலோன் நகருக்குள் போனால் ஜெர்மன் பச்சை ஸ்டிக்கர் வேண்டும், இல்லாவிட்டால் 100 யூரோ. பிரெஞ்சு ஸ்டிக்கர் அங்கே வெறும் அலங்காரம். புகையே விடாத மின்சார காராக இருந்தாலும் வெளிநாட்டு எண் பலகை என்றால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஆக வேண்டும். இத்தனைக்கும் அந்த காரின் மாசுத் தரம், யூரோ 5-ஆ யூரோ 6-ஆ என்பது, ஐரோப்பா முழுக்க ஒரே விதியில் தீர்மானித்த தரம்! கார் தயாரிக்கும்போது ஒரே தரம், நகருக்குள் நுழையும்போது நாட்டுக்கொரு காகிதம். கம்பெனிக்கு ஒரே சந்தை, ஓட்டுபவருக்கு ஒட்டுப்போட்ட துணி.

டோல் விஷயத்தில் ஒருமுறை இது நீதிமன்றம் வரை போனது. ஜெர்மனி எல்லா கார்களுக்கும் டோல் கொண்டுவருகிறோம், ஆனால் உள்நாட்டு ஆட்களுக்கு அதே தொகையை வாகன வரியில் கழித்துவிடுகிறோம் என்று சட்டம் போட்டது. அதாவது பேருக்கு எல்லாருக்கும், பணம் மட்டும் வெளிநாட்டுக்காரரிடம். ஆஸ்திரியா வழக்கு போட, 2019 ஜூன் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இது பாகுபாடு என்று தூக்கி எறிந்தது. தீர்ப்புக்கு முன்பே அவசரப்பட்டு ஒப்பந்தம் போட்டதால் ஜெர்மனி அந்த நிறுவனங்களுக்கு 24 கோடியே 30 லட்சம் யூரோ நஷ்டஈடு கொடுத்தது தனிக் கூத்து. வெளிநாட்டு ஓட்டுநரின் நலனை ஒரு மோட்டார் சங்கத்தைவிட ஒரு பக்கத்து நாட்டு அரசு நன்றாகக் காப்பாற்றிய அபூர்வமான வழக்கு இது.

இப்போது அபராதத்துக்கு வருவோம். இங்கேதான் ஒன்றாக்கும் வேலை நன்றாக முன்னேறியிருக்கிறது. வெளிநாட்டு வண்டிகள் மொத்தப் போக்குவரத்தில் சுமார் 5 சதவீதம், வேக மீறலில் மட்டும் சுமார் 15 சதவீதம் என்று ஐரோப்பிய ஆணையம் கணக்குச் சொன்னது. ஊர் தெரியாத இடத்தில் யார் பிடிப்பார்கள் என்ற எண்ணம் இருக்கிறது, மறுக்க முடியாது. வருடத்துக்குச் சுமார் 20 ஆயிரம் பேர் ஐரோப்பிய ஒன்றியச் சாலைகளில் சாகிறார்கள் என்கிறபோது அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. அதனால் 2011-ல் ஒரு சட்டம் வந்தது, தவறான அடிப்படையில் இயற்றப்பட்டது என்று 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது, 2015-ல் சரிசெய்து மறுபடி கொண்டுவந்தார்கள். வேகம், சிவப்பு விளக்கு, சீட் பெல்ட், மது, போதைப்பொருள், ஹெல்மெட், தடை செய்த தடம், கையில் செல்போன் என்று 8 குற்றங்கள். இவற்றில் ஒன்றைச் செய்தால் அந்த நாட்டு அதிகாரி யூகாரிஸ் என்ற இணைப்பு வழியாக உங்கள் நாட்டு வாகனப் பதிவேட்டைத் தட்டி, உரிமையாளரின் பெயர், முகவரி, பிறந்த தேதியை எடுத்துக்கொள்ளலாம். 2024 முடிவில் இது மேலும் விரிந்தது: ஆபத்தாக முந்துவது, முன்வண்டியோடு இடைவெளி விடாதது, ஆம்புலன்ஸுக்கு நெரிசலில் நடுவழி விடாதது எல்லாம் சேர்ந்திருக்கின்றன. நாடுகள் 2027 கோடைக்குள் இதைத் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டும்.

பணம் வசூலிக்கத் தனி ஏற்பாடு: 70 யூரோ அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு நாட்டின் அபராதத்தை இன்னொரு நாடு தானே வசூலித்துக் கொடுக்கும். ஜெர்மனியில் இதைச் செய்வது பான் நகரிலிருக்கும் மத்திய நீதி அலுவலகம். ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் தனி ஒப்பந்தம் இருப்பதால் அவர்களுக்குள் 25 யூரோவிலேயே தொடங்கிவிடும்.

இங்கே நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது, பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். ஜெர்மனியில் வேக மீறலுக்கு ஓட்டியவர்தான் பொறுப்பு. அதனால்தான் கேமரா முன்பக்கத்திலிருந்து படம் எடுக்கும், கடிதத்தோடு வரும் சாம்பல் நிறப் படத்தில் உங்கள் மூஞ்சி தெரியும், பக்கத்து சீட்டில் இருப்பவரின் முகத்தை மறைத்திருப்பார்கள். நெதர்லாந்திலும் பிரான்சிலும் இத்தாலியிலும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடிதம், பின்பக்க எண் பலகைப் படமே போதும். கார் அப்பா பெயரில், ஓட்டியது மகன் என்றால் ஒரு நாட்டில் அப்பா தப்பிப்பார், இன்னொரு நாட்டில் மாட்டுவார். ஜெர்மனியில் இருப்பவர்கள் "நான் ஓட்டவில்லை" என்ற காரணத்தைச் சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் அதை அந்த வெளிநாட்டு அதிகாரியிடம், அவர்கள் கொடுத்த கெடுவுக்குள், எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து பான் அலுவலகத்திடம் அழுதால் பெரும்பாலும் வேலைக்காகாது. இத்தாலியில் வெளிநாட்டவருக்கு அபராத நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு, உள்ளூர்க்காரருக்கு 90 நாள்தான். புளோரன்ஸ் பழைய நகரின் தடைசெய்த பகுதிக்குள் தெரியாமல் நுழைந்தவருக்கு, எந்தத் தெரு என்பதே மறந்துபோன பிறகு கடிதம் வரும். ஒரே தடவை ஹோட்டலைத் தேடிச் சுற்றி மூன்று கேமராவைத் தாண்டியிருந்தால் மூன்று கடிதம்.

என் மனக்குறை இதில்தான். வசூலை ஒன்றாக்கினார்கள், சரி. முறையீட்டை ஏன் ஒன்றாக்கவில்லை? கடிதம் உங்கள் வண்டிப் பதிவுப் புத்தகத்தின் மொழியில் வர வேண்டும் என்று விதி இருக்கிறது, அது ஓரளவு நடக்கிறது. ஆனால் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், படத்தை எங்கே பார்க்கலாம், யாரிடம் மேல்முறையீடு, எந்த மொழியில் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. 2024-ன் திருத்தத்தில் கடிதத்தில் என்னென்ன தகவல் இருக்க வேண்டும் என்பதை இறுக்கியிருக்கிறார்கள், போலிக் கடிதம் அனுப்பி ஏமாற்றுவதற்கு எதிராகவும் சில பாதுகாப்பு உண்டு. தொடக்கம்தான், அவ்வளவே.

இந்த முகவரிப் பரிமாற்றமே தரவுப் பாதுகாப்பு விவகாரம்தான் என்பதை லண்டன் காட்டியது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு ஐரோப்பியப் பதிவேடுகளை மாசு மண்டல (அதிகம் புகைவிடும் வண்டிகளுக்குக் கட்டணம் கேட்கும் பகுதி) அபராதத்துக்காகத் தட்டிப் பார்க்கும் வழி அதற்கு இல்லாமல் போனது. ஆனாலும் 2021 முதல் லட்சக்கணக்கான ஐரோப்பியர்களுக்கு அபராதக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. லண்டன் போக்குவரத்து அமைப்புக்காக வசூல் செய்த நிறுவனம் ஓட்டுநர்களின் முகவரிகளைச் சட்டவிரோதமாகப் பெற்றிருக்கிறது என்று 2024 ஜனவரியில் 5 நாடுகளின் அதிகாரிகள் குற்றம்சாட்டிய செய்தி வெளியானது. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நடப்பது தங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்பது லண்டன் தரப்பின் பதில். யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். எண் பலகை என்பது உங்கள் வீட்டு முகவரியைத் திறக்கும் சாவி, அந்தச் சாவியை யார் யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதை நீங்கள் கேட்க வேண்டும்.

சாலை விதியும் தரவும் ஒரே இடத்தில் முட்டுவது காருக்குள்தான். 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் வேக வரம்பைப் படித்து எச்சரிக்கும் கருவி கட்டாயம். முன் கண்ணாடிக் கேமரா பலகையைப் பார்க்கும், வரைபடத்தோடு ஒப்பிடும், நீங்கள் தாண்டினால் டிங் டிங் என்று கத்தும் அல்லது ஆக்சிலரேட்டர் பெடல் காலைத் தள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெடுஞ்சாலையில் 120-ல் போகும்போது பக்கவாட்டில் இறங்கும் கிளைச் சாலையின் 60 பலகையைக் கேமரா பார்த்துவிட்டுக் கத்தும். லாரியின் முதுகில் அதன் அதிகபட்ச வேகத்தை வட்டத்துக்குள் ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அதையும் சாலைப் பலகை என்று எடுத்துக்கொள்ளும். "ஈரமாக இருந்தால் மட்டும்" என்ற துணைப் பலகையைச் சில கார்கள் படிக்கும், சில படிக்காது, வெயிலில் காய்ந்த சாலையில் 80 என்று அடம்பிடிக்கும். ஊர் எல்லைப் பலகையைத் தாண்டினால் 50 என்பது விதி, பலகையில் அந்த எண் இருக்காது, அந்தப் பலகையின் நிறமும் வடிவமும் நாட்டுக்கு நாடு வேறு. விளைவு, காரை ஸ்டார்ட் செய்ததும் முதல் வேலையாக அதை அணைப்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அது தானாக உயிர்பெற்றுவிடும், அதுவும் சட்டம்தான்.

ஆகவே ஓட்டுபவர் கேட்க வேண்டிய ஒற்றுமை வேறு மாதிரியானது. எந்தச் சாலையில் எந்த நேரத்தில் என்ன வரம்பு, எந்தத் தெரு எந்த வண்டிக்குத் தடை என்பதை ஒவ்வொரு அரசும் ஒரே மின்னணு வடிவில், இலவசமாக, உடனுக்குடன் வெளியிட வேண்டும். 2023-ல் திருத்திய போக்குவரத்துத் தகவல் சட்டம் இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்குகிறது. இது ஒழுங்காக நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும். எண் வேறாக இருக்கட்டும். அந்த எண் எனக்கும் என் காருக்கும் சரியாகத் தெரிந்தால் போதும்.

சரி, கார் வெளியே அனுப்பும் தரவு. நன்றாக யோசித்துச் செய்த உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன்: ஈகால். 2018 மார்ச் 31-க்குப் பிறகு அனுமதி பெற்ற புதிய மாடல் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. மோதி ஏர்பேக் விரிந்தால் கார் தானே 112-ஐ அழைக்கும். அனுப்புவது கொஞ்சம்தான்: இடம், போன திசை, நேரம், சேசிஸ் நம்பர், எரிபொருள் வகை, எத்தனை சீட் பெல்ட் மாட்டியிருந்தது. மற்ற நேரமெல்லாம் அது தூங்க வேண்டும், கடைசி 3 இடங்களுக்கு மேல் நினைவில் வைக்கக் கூடாது, யாரும் அதை வைத்துப் பின்தொடர முடியாது. சட்டம் எழுதும்போதே தனியுரிமையையும் சேர்த்து எழுதினார்கள், பலன் தெரிகிறது. விபத்துப் பதிவுக் கருவியும் அப்படித்தான்: மோதுவதற்கு முந்தைய 5 நொடி வேகம், பிரேக், ஸ்டீயரிங் மாதிரியானவை மட்டும், சேசிஸ் நம்பரின் கடைசி 4 இலக்கம் இல்லாமல். அதை அணைக்க மட்டும் முடியாது.

சட்டம் கை வைக்காத இடத்தில் என்ன நடக்கிறது? ஏடிஏசி சுமார் பத்து வருடத்துக்கு முன்பே சில கார்களைப் பிரித்துப் பார்த்தது. மெர்சிடஸ் பி-கிளாஸ் சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தைக் கம்பெனிக்கு அனுப்பியது. சீட் பெல்ட் எத்தனை தடவை இறுகியது என்ற கணக்கும் காருக்குள் பதிவானது, அதாவது நீங்கள் எத்தனை தடவை வேகமாக வந்து கடைசி நொடியில் பிரேக் போட்டீர்கள் என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். ரெனோ ஸோயியில் பேட்டரி வாடகை கட்டாவிட்டால் தூரத்திலிருந்தே சார்ஜ் ஏறாமல் தடுக்கும் வசதி கம்பெனியிடம் இருந்தது. பழைய மாடல்கள்தான், ஆனால் இன்றைய கார்கள் இவற்றைவிட வாயாடிகள்.

2024 டிசம்பரில் வந்தது பெரிய அடி. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாட் வைத்திருந்த தரவு, அமேசான் கிளவுடில் சரியான பூட்டில்லாமல் கிடந்தது. சுமார் 8 லட்சம் மின்சார கார்கள். அதில் ஏறக்குறைய 4 லட்சத்து 60 ஆயிரம் கார்களுக்கு, எங்கே எஞ்சின் அணைக்கப்பட்டது என்ற இடம் துல்லியமாக. ஃபோக்ஸ்வாகன், சீட் கார்களில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு. ஹாம்பர்க் போலீஸ் வண்டிகளும் அதில் இருந்தன, அரசியல்வாதிகளும் இருந்தார்கள். வெளிக்கொண்டுவந்தது ஜெர்மன் ஹேக்கர் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பும் டெர் ஸ்பீகல் பத்திரிகையும். கிளப் முதலில் கம்பெனிக்குத் தகவல் கொடுத்து ஓட்டையை மூடவைத்துவிட்டுத்தான் வெளியே சொன்னது. மின்சார பேட்டரியைப் பற்றி ஆராயத்தான் எடுத்தோம் என்றார்கள். பேட்டரியை ஆராய, இரவு யார் வீட்டு வாசலில் கார் நிற்கிறது என்பது எதற்கு என்ற கேள்விக்கு நான் இதுவரை ஒரு நல்ல பதிலைக் கேட்டதில்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018-லிருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது ஒன்றியம் முழுவதற்கும் ஒரே சட்டம். ஆனால் ஒரே சட்டம் இருந்தும் நடைமுறை ஒன்றாகவில்லை என்பதற்கு, முன் கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் படம்பிடிக்கும் டாஷ்கேமைப் பாருங்கள். ஜெர்மனியில் தொடர்ந்து பதிவு செய்வது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம், ஆனாலும் விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆஸ்திரியாவில் மாட்டிக்கொண்டு ஓட்டினால் அபராதத்துக்கு வாய்ப்பு, போர்ச்சுகல் பக்கம் கொண்டே போக வேண்டாம் என்கிறார்கள் மோட்டார் சங்கங்கள். ஒரு கண்ணாடி, ஒரு கேமரா, எல்லை தாண்டத் தாண்டத் தலையெழுத்து மாறுகிறது.

தரவு யாருடையது என்ற சண்டைதான் பணச் சண்டை. கார் கம்பெனிகளின் வாதம்: எல்லாத் தரவும் எங்கள் சர்வருக்கு வரட்டும், பாதுகாப்புக்காக, வேண்டியவர்களுக்கு நாங்கள் அங்கிருந்து கொடுக்கிறோம். மோட்டார் சங்கங்களும் சிறு மெக்கானிக் ஷெட்களும் உதிரிபாகக் கடைக்காரர்களும் சொல்வது: அப்படியானால் நீங்களே வாயில்காப்போன், நீங்களே போட்டிக்கடை. கார் "கியர்பாக்ஸ் சூடாகிறது" என்று முதலில் கம்பெனிக்குச் சொல்லும், கம்பெனி தன் ஷோரூமுக்கு வரச்சொல்லி உங்களுக்கு மெசேஜ் அனுப்பும், தெருமுனை கராஜுக்கு விஷயம் தெரியவே வராது. உலக மோட்டார் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் ஐரோப்பியக் கிளை "என் கார், என் தரவு" என்று பிரசாரம் நடத்தியது இதற்காகத்தான். அந்தச் சங்கங்களும் சுத்த சன்னியாசிகள் கிடையாது, இன்சூரன்சும் பிரேக்டவுன் சேவையும் விற்கிறார்கள், அவர்களுக்கும் இந்தத் தரவு வேண்டும். ஏடிஏசியே 2014-ல் தன் கார் விருதுக்கான வாக்கு எண்ணிக்கையைத் திருத்தி மாட்டிக்கொண்ட சங்கம்தான். ஆனாலும் இந்த வழக்கில் அவர்கள் நலனும் நம் நலனும் ஒரே பக்கம் இருக்கின்றன.

நீதிமன்றம் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில், ஃபியட் கார்களின் பழுது கண்டறியும் பிளக்கைத் திறக்கக் கட்டணமும் கம்பெனி சர்வரில் பதிவும் கேட்டதை எதிர்த்து ஏடியு, கார்கிளாஸ் ஆகிய பழுதுபார்ப்பு நிறுவனங்கள் போட்ட வழக்கில், சட்டத்தில் இல்லாத நிபந்தனையைச் சுயமாகப் போட முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே ஸ்கானியா வழக்கில், சேசிஸ் நம்பரைக்கூட அதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தவரின் கையில் தனிநபர்த் தரவாகக் கருதலாம் என்றது.

இப்போது கையிலிருக்கும் பெரிய ஆயுதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் (டேட்டா ஆக்ட்), 2025 செப்டம்பர் 12 முதல் அமலில் இருக்கிறது. கார் உருவாக்கும் தரவை, அதாவது கம்பெனி கணக்குப் போட்டு எடுத்த முடிவுகளைத் தவிர்த்த மூலத் தரவை, நீங்கள் இலவசமாகக் கேட்டு வாங்கலாம், உங்கள் கராஜுக்கோ இன்சூரன்சுக்கோ கொடுக்கச் சொல்லலாம். பெரிய இணைய நிறுவனங்களுக்கு மட்டும் இந்த வழியில் கொடுக்க முடியாது, கூகுள் மாதிரியானவர்களுக்கு. ஓட்டை என்னவென்றால், எந்தத் தரவு, எந்த வடிவில், எந்த பிளக் வழியாக என்று காருக்கென்றே தனிச் சட்டம் வேண்டும் என்று பல வருடமாகக் கேட்கிறார்கள்; ஆணையம் இதுவரை ஒரு விளக்கக் குறிப்போடு நிறுத்திக்கொண்டது.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன் என்றால்: புதிய கார் வாங்கியதும் அமைப்புகளில் போய் இடம் பகிர்வதை அணைத்துவிட்டு, எதெல்லாம் வேலை செய்யாமல் போகிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஆப்பில் காரைத் தேடுவது, நெரிசல் தகவல் மாதிரிச் சிலதுதான் போகும். ஈகால் அப்படியே இருக்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கம்பெனிக்கு ஜிடிபிஆரின் 15-ஆம் பிரிவின்படி என் சேசிஸ் நம்பரைப் போட்டு, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு மின்னஞ்சல். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். 2021-க்குப் பிறகு வந்த கார் என்றால் உண்மையான எரிபொருள் செலவைக் கார் பதிந்துவைக்கும், வண்டித் தகுதிச் சோதனையில் அதை எடுத்து ஆணையத்துக்கு அனுப்புவார்கள், நீங்கள் மறுக்கலாம். நான் மறுக்க மாட்டேன். அந்தத் தரவை வைத்துத்தான் 2024-ல் பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் சொல்வதைவிட மூன்றரை மடங்கு எரிபொருள் குடிக்கின்றன என்பதை ஆணையம் வெளியிட்டது. நம் தரவு நமக்கே பயன்பட்ட அபூர்வமான இடம் அது.

அப்புறம் காரை விற்கும்போது, சாவியைக் கொடுக்கும் முன் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் மட்டும் போதாது, ஆப்பிலிருக்கும் உங்கள் கணக்கிலிருந்தும் அந்த காரை நீக்குங்கள். நீக்காமல் விட்டால் வாங்கியவர் எங்கே நிறுத்துகிறார் என்பது உங்கள் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். வாடகைக் காராக இருந்தால் திருப்பிக் கொடுக்கும்போது புளூடூத் பட்டியலில் உங்கள் போன் பெயரையும் நேவிகேஷனில் போட்ட வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். அங்கே உங்களுக்கு முன்னால் ஓட்டிய நாலைந்து பேரின் பெயர் ஏற்கனவே இருக்கும், பாருங்கள்.